ஆற்றில் தொடங்கி மலையில் முடியும் பள்ளிச் சுற்றுலா: மூங்கில்துறைப்பட்டு, கல்வராயன் மலை

பள்ளிச் சுற்றுலா என்றால் நம் பக்கத்தில் இன்னும் ஒரே மாதிரிதான். விடியற்காலை நாலு மணிக்குப் பேருந்து, ஒரே நாளில் ஏழெட்டு இடம், ஒவ்வொன்றிலும் அரைமணி, வாசலில் ஒரு குழுப்படம், நடுராத்திரியில் வீடு. மறுநாள் பிள்ளைகளைக் கேட்டால் பேருந்தில் ஓடிய பாட்டும் யார் யார் வாந்தி எடுத்தார்கள் என்பதும்தான் நினைவிருக்கும். அப்படி ஒரு பயணத்துக்குத் திட்டம் போடுகிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குப் பயன்படாது. மூங்கில்துறைப்பட்டை மையமாக வைத்து இரண்டு நாளில் நாலைந்து இடம் மட்டும் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் சலித்துப்போகும் வரைக்கும் நிற்க வேண்டும் என்று நினைக்கும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் எழுதுகிறேன். சலிப்பு வந்த பிறகுதான் அவர்கள் உண்மையில் பார்க்கவே ஆரம்பிக்கிறார்கள்.

மூங்கில்துறைப்பட்டு, கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் திருவண்ணாமலை மாவட்டம். திருவண்ணாமலையிலிருந்து சங்கராபுரம் வழியாகக் கள்ளக்குறிச்சி போகும் பேருந்தில் சுமார் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் தெரிந்திருப்பது சர்க்கரை ஆலையால்தான். தங்க வேண்டுமென்றால் திருவண்ணாமலை, இல்லையென்றால் கள்ளக்குறிச்சி. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பழைய வரைபடங்களிலும் புத்தகங்களிலும் இந்த இடங்களெல்லாம் விழுப்புரம் மாவட்டம் என்றே இருக்கும். அதைப் பார்த்து அனுமதிக் கடிதத்தை விழுப்புரத்துக்கு அனுப்பிவிடாதீர்கள்.

பொங்கல் முடிந்து பிப்ரவரி பாதி வரைக்கும் உள்ள நாட்கள்தான் இதற்குச் சரியான காலம். மழை ஓய்ந்திருக்கும், ஆற்றில் கொஞ்சமாவது தண்ணீர் இருக்கும், வலசை வந்த பறவைகள் திரும்பியிருக்காது, கரும்பு அரவை நடக்கும், மலையில் கடுக்காய் உதிரும். அக்டோபர் பிற்பகுதியும் நவம்பரும் டிசம்பரும் வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் மலைக்காடு காய்ந்த சருகாகக் கிடக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கும் மேல் காட்டுத்தீயில் இறந்ததை மறக்க வேண்டாம். அதற்குப் பிறகு காட்டுக்குள் நடப்பதற்கான விதிகளை அரசு கடுமையாக்கியதும் அதனால்தான்.

முதல் நாள்: ஆறு

காலை ஆறரைக்கு ஆற்றங்கரையில் இருங்கள். பாலத்துக்குப் பக்கத்தில் எல்லாரும் தெரியும்படியான, சரிவு குறைந்த ஒரு கரையைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீரில் யாரும் இறங்கக்கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது. மணல் எடுத்த பள்ளங்கள் ஆற்றுக்குள் எங்கே இருக்கின்றன என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது.

முதல் அரைமணிக்கு ஒரே ஒரு வேலைதான். உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல், பேசாமல், கண்ணில் படுவதையும் காதில் விழுவதையும் எழுத வேண்டும். பெயர் தெரியவில்லையா, பரவாயில்லை. “கறுப்பு, வெள்ளை, அந்தரத்தில் நின்று இறக்கை அடிக்கிறது” என்று எழுதினால் போதும். அது கருப்பு வெள்ளை மீன்கொத்தி. பறந்தபடி ஒரே இடத்தில் நின்று, கீழே மீன் நகர்வதைப் பார்த்து, நெட்டுக்குத்தாக விழும். அதன் உறவான வெண்மார்பு மீன்கொத்திக்கு அந்த வித்தை வராது. கம்பியிலோ கிளையிலோ உட்கார்ந்து காத்திருக்கும். வயலில் வெட்டுக்கிளியையும் ஓணானையும்கூடத் தின்னும். இரண்டையும் ஒரே காலையில் பார்த்த பிள்ளைக்கு, ஒரே குடும்பத்துப் பறவைகள் எப்படி ஒரே ஆற்றைப் பங்குபோட்டுக் கொள்கின்றன என்று பாடமெடுக்கத் தேவையில்லை. நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைப்பது, ஆள்காட்டி கத்திக்கொண்டே நம்மைத் துரத்துவது, கொக்கு அசையாமல் நிற்பது எல்லாம் அந்த அரைமணியில் வரும். முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் நெளிவார்கள். ஆசிரியர் அப்போது வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

பெயர் தேடுவதற்கு ஆசையும் ப. ஜெகநாதனும் எழுதிய ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் பட்டியலை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் பிள்ளைகள் எழுதியது வெறும் நோட்டுப் புத்தகத்தோடு நிற்காது.

அடுத்தது மணல். ஒரு சின்னக் காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, காய்ந்த மணலில் இழுக்கச் சொல்லுங்கள். பையின் வெளிப்பக்கம் கருப்பாகப் பொடி ஒட்டிக்கொண்டு மீசை மாதிரி நிற்கும். “ஆத்துல இரும்பு இருக்கா சார்?” என்று யாராவது ஒருவன் கண்டிப்பாகக் கேட்பான். இருக்கிறது. மேக்னடைட் என்ற இரும்புத் தாது அது. மேலே உள்ள மலைப் பாறைகள் தேய்ந்து, உடைந்து, வெள்ளத்தில் உருண்டு இங்கே வந்திருக்கிறது. மீதி வெள்ளைத் துகள் பெரும்பாலும் குவார்ட்ஸ். பூதக்கண்ணாடி இருந்தால் இளஞ்சிவப்புத் துகள்களும் தெரியும். பையைத் திருப்பிக் காந்தத்தை எடுத்தால் பொடி உதிர்ந்துவிடும்; வீட்டுக்கு எடுத்துப்போக விட வேண்டாம். இந்த ஒரு பயிற்சிக்கு ஒரு மணி நேரம் போய்விடும். போகட்டும்.

அதோடு, இந்த மணல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத் தொடங்கி வையுங்கள். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி வழியாக இறங்கி, சாத்தனூரில் அணைபட்டு, இங்கே வந்து, திருக்கோவிலூரைத் தாண்டிக் கடலூர் அருகே கடலில் சேரும் ஆறு இது. வரைபடத்தில் விரலால் கோடு இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாலத்துத் தூண்களிலும் கரையோர மரங்களிலும் வெள்ளம் ஏறிய தடங்கள் எங்கேயாவது தெரிகிறதா என்று தேடச் சொல்லுங்கள். ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 2-ம் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கனஅடித் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைத்து அப்போதுதான் சில மாதங்களுக்கு முன்பு திறந்திருந்த பாலம் அந்த வெள்ளத்தில் உடைந்து போனது. கரையோரத்துப் பெரியவர் யாராவது கிடைத்தால் அந்த இரவைப் பற்றிப் பிள்ளைகளையே கேட்கவிடுங்கள். “தாத்தா, தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?” என்ற ஒரு கேள்வி போதும். அவர் எழுந்துபோய் இடத்தையே காட்டுவார்.

மத்தியானத்துக்கு முன்னால் கரும்புக் காட்டு வரப்பில் ஒரு நடை. ஓரத்துப் பனையிலோ கிணற்றுக்கு மேல் தொங்கும் கிளையிலோ தூக்கணாங்குருவிக் கூடு இருக்கும். கரும்புத் தோகையையும் புல்லையும் நாராகக் கிழித்துத்தான் ஆண் குருவி பின்னும். பாதியில் விட்ட கூடுகளை எண்ணச் சொல்லுங்கள். பெட்டைக்குப் பிடிக்காமல் போனவை அவை. கூட்டை யாரும் தொடக்கூடாது, கீழே கிடப்பதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். கரும்புக் காட்டு ஓரத்தில் நடப்பவர்கள் முழுக்கால் சட்டையும் மூடிய ஷூவும் போட்டிருக்க வேண்டும். தோகை கையைக் கிழிக்கும்; பாம்பும் உண்டு.

ஆலைக்குள் போக வேண்டுமா? ஒன்பதாம் வகுப்புக்கு மேல் என்றால் முன்கூட்டியே நிர்வாகத்துக்கு எழுதி அனுமதி வாங்கிப் போகலாம். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். சத்தமும் சூடும் தாங்காது, வழுக்கும். கள்ளக்குறிச்சி கூட்டுறவு சர்க்கரை ஆலைகளில் முதலாவது இங்கே இருக்கிறது, இரண்டாவது கச்சிராயபாளையத்தில், மலையடிவாரத்தில். உள்ளே போகாவிட்டாலும் அரவைக் காலத்தில் வாசலில் நிற்கும் டிராக்டர் வரிசையே ஒரு பாடம். ஒரு டன் கரும்பிலிருந்து ஏறக்குறைய 90 கிலோ சர்க்கரைதான் வரும். மீதி எங்கே போகிறது என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். பெரும்பங்கு தண்ணீர். சக்கை கொதிகலனுக்கு எரிபொருளாகிறது, அந்த நீராவிதான் ஆலையை ஓட்டுகிறது. கழிவுப் பாகு சாராய வடிப்பாலைக்கும், வடிகட்டி மிஞ்சும் சேறு எருவாக வயலுக்கும் திரும்புகிறது.

சாயங்காலத்துக்கு இரண்டு வழி இருக்கிறது. ஆற்றின் மேல்பக்கம் போனால் சாத்தனூர், கீழ்பக்கம் போனால் ஜம்பை. இரண்டையும் ஒரே நாளில் சேர்க்க ஆசைப்படாதீர்கள்.

சாத்தனூர் அணை 1958-ல் கட்டி முடிக்கப்பட்டது. முழு நீர்மட்டம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கனஅடி. காலையில் பார்த்த ஆறு ஏன் சில மாதம் ஓடுகிறது, சில மாதம் மணலாகக் கிடக்கிறது என்பதற்குப் பதில் இங்கேதான். முதலைப் பண்ணை இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும், எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. கம்பி வேலிக்குள் அசையாமல் கிடக்கும் முதலையிடம் கற்க அதிகம் இல்லை. வாயைத் திறந்தபடி ஏன் வெயிலில் கிடக்கிறது என்ற ஒரு கேள்வியோடு (உடல் சூட்டைச் சமன் செய்யத்தான்) நகர்ந்துவிடலாம். வாசலில் பொரித்த மீன் நன்றாக இருக்கும்.

என்னைக் கேட்டால் ஜம்பைக்குத்தான் போகச் சொல்வேன். மணலூர்ப்பேட்டைப் பக்கம், தென்பெண்ணைக் கரையில் உள்ள சிற்றூர். அங்கே தாசிமடம், ஆளுருட்டி மலை என்றெல்லாம் ஊரார் சொல்லும் பாறைக் குகையில், ஒற்றை வரியில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி இந்தப் பள்ளியை, அதாவது துறவியர் உறைவிடத்தை, ஈந்தான் என்பது செய்தி. அவனைச் சத்தியபுத்திரன் என்று அது குறிக்கிறது. அசோகர் தன் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளர்களோடு சேர்த்துச் சொன்ன சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் வாதாடிக் கொண்டிருந்தார்கள். 1981-ல் இந்த ஒரு வரி அந்த வாதத்தை முடித்தது. அதைக் கண்டுபிடித்தவர் பெரிய பேராசிரியர் அல்லர்; தமிழ்நாடு தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பயிற்சியில் படித்துக் கொண்டிருந்த மாணவர். ஊர் ஊராகக் களஆய்வு போனபோது கண்ணில் பட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அந்தப் பாறை முன்னால் உட்காரவைத்து இதைச் சொல்லிப் பாருங்கள். பேருந்தில் தூங்கிக்கொண்டு வந்தவன்கூட எழுத்து எழுத்தாகப் பார்க்க ஆரம்பிப்பான். சாக்கட்டியால் எழுத்தின் மேல் தீட்டுவது, கையால் தேய்ப்பது கூடாது. மாலைச் சாய்வெயிலில் எழுத்து தானாகத் தெளியும்.

நேரம் மிச்சமிருந்தால் திருக்கோவிலூரில் ஆற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்றைக் கரையிலிருந்து காட்டுங்கள். கபிலர் தீப்புகுந்ததை அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலின் சோழர்காலக் கல்வெட்டு சொல்கிறது. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிய மனிதர் அவர். மறுநாள் மலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அதுவே வேலை: எத்தனை பூவை நீங்கள் பார்த்து, பெயர் சொல்ல முடிகிறது?

இரண்டாம் நாள்: மலை

கள்ளக்குறிச்சி வழியாகக் கச்சிராயபாளையம், அங்கிருந்து கோமுகி அணை, பிறகு மலைப்பாதையில் கரியாலூர், வெள்ளிமலை. இதுதான் வழக்கமான வழி. சங்கராபுரத்திலிருந்து மூலக்காடு வழியாகச் சேராப்பட்டுக்கு ஏறும் சாலையும் உண்டு. பெரிய பேருந்து என்றால் முதல் வழியே நல்லது. பெட்ரோல், பணம், மருந்து எல்லாவற்றையும் கீழேயே முடித்துக்கொள்ளுங்கள். மேலே கைபேசி சிக்னல் வரும், போகும். வளைவுகள் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சிற்றுண்டி முடிந்திருக்க வேண்டும். இட்லி போதும், பூரி வேண்டாம். எலுமிச்சம்பழமும் புளிப்பு மிட்டாயும் கையில் இருக்கட்டும்.

கோமுகி அணையில் இறங்கி, நிழலில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். மேலே வெள்ளிமலையிலும் அப்படியே. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமாராக ஆறரை டிகிரி குறையும் என்று புத்தகம் சொல்லும். எத்தனை மீட்டர் ஏறினோம் என்பதைப் பிள்ளைகளே கணக்கிடட்டும். விடை சரியாக வராது. வெயில் நேரம் மாறியிருக்கும், மேகம் மூடியிருக்கும். ஏன் வரவில்லை என்று அவர்கள் பேருந்துக்குள் போடும் சண்டைதான் இந்தப் பயிற்சியின் பலன்.

கல்வராயன், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. ஜவ்வாது, சேர்வராயன், பச்சைமலை இவற்றுக்கு உறவு. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என்று பிரித்துச் சொல்வார்கள். கள்ளக்குறிச்சி, சேலம் இரண்டு மாவட்டத்திலும் பரவிக் கிடக்கிறது. சாலையை வெட்டிய இடங்களில் நீலக்கருப்புச் சாயலில் தெரியும் கடினமான பாறை சார்னோகைட். சென்னைப் பரங்கிமலையும் இதே பாறைதான். இந்த மலையில் விழும் மழையில் ஒரு பங்கு கோமுகி, மணிமுக்தா வழியாக வெள்ளாற்றுக்குப் போய்ப் பரங்கிப்பேட்டை அருகே கடலைச் சேர்கிறது. வடக்குச் சரிவில் விழுவது நேற்றுப் பார்த்த தென்பெண்ணைக்கு. வெள்ளிமலையில் ஒரு மேட்டில் நின்று, எந்தப் பக்கம் துப்பினால் எந்த ஆறு என்று கேட்டுப் பாருங்கள். பையன்கள் துப்பிப் பார்ப்பார்கள், தடுக்காதீர்கள்.

ஜனவரி, பிப்ரவரியில் போனால் சாக்கு விரித்துக் கடுக்காய் காயப்போட்டிருக்கும் வீடுகளைப் பார்க்கலாம். கல்வராயனின் பெயர்பெற்ற காட்டு விளைபொருள் அது. சித்த மருந்துக்கும் தோல் பதனிடுவதற்கும் போகிறது. கேட்டால் இரண்டு காய் சும்மாவே கொடுப்பார்கள். விலைக்கு வாங்குவதுதான் மரியாதை. ஒரு காயை உடைத்துத் தூளாக்கித் தண்ணீரில் ஊறவைத்து, அதில் ஒரு துருப்பிடித்த ஆணியைப் போட்டு வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கருக்கும். கடுக்காயில் உள்ள டானினும் இரும்பும் சேர்ந்து மை ஆகிவிட்டது. நம் முன்னோர் காகிதத்தில் எழுதக் காய்ச்சிய மைக்கு இதே வேதியியல்தான். அந்த மையிலேயே ஒரு குச்சியை நனைத்து, பார்த்த பூக்களின் பெயரை எழுதச் சொல்லலாம்.

மலையில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர், தமிழ் பேசுகிறவர்கள். சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தாரர்களின் ஆளுகையில் இந்த மலை வெகுகாலம் இருந்தது. 1976-ல்தான் அரசு முழுதாக எடுத்துக்கொண்டது. சாலையும் பள்ளியும் இங்கே தாமதமாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிள்ளைகளிடம் புறப்படும் முன்பே சொல்லுங்கள்: வீட்டு வாசலில் நின்று படம் எடுக்கக்கூடாது, மிட்டாய் அள்ளி இறைக்கக்கூடாது, சாராயத்தைப் பற்றிக் கிண்டல் பேசக்கூடாது. இங்கே அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உண்டு. தலைமையாசிரியரிடம் முன்பே பேசி, அந்தப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் நடக்க ஏற்பாடு செய்தால் உங்களுக்கு வேறு வழிகாட்டியே வேண்டாம். எந்தக் கிழங்கைத் தோண்டலாம், எந்தப் பூவில் தேன், எந்தச் செடி அரிக்கும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லிக்கொண்டே போகும். உங்கள் பிள்ளைகள் பேனாவை எடுப்பது அப்போதுதான். சாமை, தினை, மரவள்ளி வயல்களையும் அவர்களே காட்டுவார்கள்.

நீர்வீழ்ச்சிகள்: பெரியார் நீர்வீழ்ச்சி மலைச்சாலையை ஒட்டியே இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்கு அது போதும். மேகம், கவியம் ஆகியவற்றுக்கு நடக்க வேண்டும். பாறை வழுக்கும், உதவிக்கு ஆள் கிடைக்காது. பெரிய குழுவோடு போகாதீர்கள். மழை பெய்த மறுநாள் எந்த அருவிக்குக் கீழும் யாரையும் நிறுத்த வேண்டாம், மேலே பெய்வது கீழே தெரியாது. கரியாலூரில் படகு இருக்கிறது. பிள்ளைகள் கேட்பார்கள், அரைமணி விடுங்கள், தப்பில்லை. கருமந்துறையில் சேலம் மாவட்டத்து அரசுத் தோட்டக்கலைப் பண்ணை மிகப் பெரியது. வேளாண்மை படிக்கும் மாணவர்களுக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி, யாரும் எழுதாத விஷயம். ஆற்றங்கரையிலோ மலைப்பாதையிலோ கழிப்பறை கிடையாது. பெண் பிள்ளைகள் அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் வந்து, மத்தியானம் தலைவலியோடு சுருண்டு விடுகிறார்கள். எந்த ஊரில், எத்தனை மணிக்கு, எந்தப் பள்ளிக் கழிப்பறையில் நிறுத்தப் போகிறோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மூங்கில்துறைப்பட்டு, சங்கராபுரம், கச்சிராயபாளையம், வெள்ளிமலை ஆகிய நாலு ஊரிலும் அரசுப் பள்ளியைக் கேட்டு வையுங்கள். இருபது பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர், அதில் ஒருவர் பெண். பேருந்து நிறையவே கூடாது. பாம்புக் கடி என்றால் கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் காத்திருக்காமல் சொந்த வண்டியில் அரசு மருத்துவமனைக்கு இறங்கிவிடுங்கள்.

சாலையை விட்டு இறங்கிக் காட்டுக்குள் நடக்க மாவட்ட வன அலுவலரின் அனுமதி வேண்டும். மாணவர் எண்ணிக்கை, தேதி, போகும் பாதை, பொறுப்பாசிரியர் பெயர் எல்லாம் எழுதிப் பள்ளி முத்திரையோடு கொடுக்க வேண்டும். ஜனவரியில் போவதாக இருந்தால் அந்தக் கடிதத்தை நவம்பரிலேயே கள்ளக்குறிச்சியில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.